டாக்கோவின் மேலே என்ன போடுவது? மெக்சிகோ தெருக்கடை பாணியில் ஒரு முழு வழிகாட்டி

மெக்சிகோ சிட்டியில் எல் கலிஃபா தெ லியோன் என்று ஒரு டாக்கோ கடை. 1968-இல் தொடங்கியது. 2024-இல் உணவகங்களுக்கான மிஷ்லின் நட்சத்திரம் வாங்கி உலகச் செய்தியானது. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. மெனுவும் அதேபோலச் சின்னது. மெலிதாக வெட்டிய மாட்டிறைச்சியைச் சூடான இரும்புத் தட்டில் போட்டு, உப்புத் தூவி, எலுமிச்சை பிழிந்து, அந்த நிமிடம் சுட்ட டொர்ட்டியாவில் (மெல்லிய சோள ரொட்டி) வைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். பக்கத்தில் சிவப்பு சால்சா, பச்சை சால்சா. சாப்பிடுகிறவர் விருப்பப்பட்டதை ஊற்றிக்கொள்ளலாம்.

நாம் வீட்டில் டாக்கோ செய்வதாகச் சொல்லி மேசையில் பரப்புவது என்ன? துருவிய மஞ்சள் சீஸ், லெட்டூஸ், மயோனீஸ், ஸ்வீட் கார்ன், டின் ஆலிவ், கெட்சப்புக்கும் சால்சாவுக்கும் நடுவில் நிற்கும் ஏதோ ஒரு பாட்டில் சாஸ். மொறுமொறு ஓட்டுக்குள் இதையெல்லாம் நிரப்புவது எல்லைக்கு வடக்கே, டெக்சாசிலும் கலிஃபோர்னியாவிலும் வளர்ந்த வழக்கம். சாப்பிட நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தெருக்கடை டாக்கோவின் கணக்கு வேறு. அங்கே கறிக்கு எது இல்லையோ அதைக் கொடுப்பதுதான் டாப்பிங்கின் வேலை. கறியில் கொழுப்பு அதிகம் என்றால் புளிப்பு. கறி வறண்டிருந்தால் சால்சாவோ அவகாடோவோ. கறி குழைந்திருந்தால் கடிக்க மொறுமொறுப்பாக ஏதாவது. எனவே டாப்பிங் பட்டியலை முதலில் எழுதாதீர்கள். உள்ளே என்ன வைக்கப்போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி: டொர்ட்டியாவின் அளவை மனதில் வையுங்கள்

தெருக்கடை டொர்ட்டியா சிறியது, குறுக்களவு 10 முதல் 12 செ.மீ. இருக்கும். பல கடைகளில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தருவார்கள். சாறு இறங்கி அடி கிழிந்தாலும் இரண்டாவது தாங்கும். அதில் இரண்டு மேசைக்கரண்டி கறி, ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவான வெங்காயம்-கொத்தமல்லி, ஒரு தேக்கரண்டி சால்சா. இதற்குமேல் இடமில்லை. மூன்று நான்கு கடியில் முடிந்துவிட வேண்டும். ஐந்தாறு டாப்பிங் போட்டால் கறியின் ருசி தெரியாது, டாக்கோவும் மூடாது.

மக்காச்சோள டொர்ட்டியாவுக்குச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோள மாவு வேண்டும். கடையில் 'மாசா ஹரினா' என்று கேட்டால் கிடைப்பது அதுதான். நம் ஊர் மளிகைக் கடையின் சாதா மக்காச்சோள மாவில் தட்டினால் ஓரம் வெடித்து, மடிக்கும்போது உடையும். மாசா கிடைக்கவில்லை என்றால் மெலிதான சிறு சப்பாத்தி போதும். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, மெக்சிகோவின் வடக்கே சோனோராவில் கோதுமை டொர்ட்டியாதான் வழக்கம். ஆனால் அப்படிச் செய்யும்போது டாப்பிங்கிலும் வடக்கத்தி வழிக்குப் போய்விடுங்கள்: சுட்ட கறி, மசித்த அவகாடோவான குவாக்கமோலே, நெருப்பில் வாட்டிய வெங்காயத்தாள்.

இரண்டாம் படி: கறியைப் பார்த்து ஜோடி சேருங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மெக்சிகோவில் ஒவ்வொரு ஊர் டாக்கோவுக்கும் அதற்கென்று துணை உண்டு, காரணத்தோடுதான்.

மிச்சோவாகான் மாநிலத்தின் கார்னிட்டாஸை எடுத்துக்கொள்ளுங்கள். பன்றிக்கறியை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைப்பது. வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், புளிப்பே கிடையாது. அதனால் பச்சை சால்சா, ஊறுகாய் ஹலப்பேனோ மிளகாய், தாராளமாக எலுமிச்சை. இதில் கிரீமையோ சீஸையோ சேர்ப்பது நெய்ச்சோற்றில் வெண்ணெய் போடுகிற கதை.

அல் பாஸ்டோர் நேர்மாறு. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா, மெக்சிகோவில் பன்றிக்கறிக்கும் காய்ந்த மிளகாயும் செந்நிற விதையான அச்சியோத்தேயும் சேர்ந்த மசாலாவுக்கும் மாறியதுதான் இது. செங்குத்துக் கம்பியில் கறி சுழல, உச்சியில் ஒரு அன்னாசித் துண்டு செருகியிருக்கும். கடைக்காரர் ஒரு கையில் டொர்ட்டியாவைப் பிடித்துக்கொண்டு கறியைச் சீவுவார். கத்தி நுனியால் அன்னாசியை ஒரு தட்டுத் தட்ட, சிறு துண்டு பறந்து வந்து டாக்கோவில் விழும். மசாலாவில் ஏற்கெனவே புளிப்பும் காரமும் இருக்கின்றன. ஆகவே அன்னாசி, வெங்காயம், கொத்தமல்லி, கொஞ்சம் சிவப்பு சால்சா போதும். இதன்மேல் வினிகர் ஊறுகாயைப் போட்டால் புளிப்பு தூக்கலாகிவிடும். வீட்டில் இதே மசாலாவில் கோழித்தொடை செய்கிறீர்களென்றால் அன்னாசியைத் தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் இருபுறமும் கருகும் நிறம் வரும்வரை வாட்டிப் பொடியாக நறுக்குங்கள். டின் அன்னாசி வேண்டாம், சர்க்கரைப்பாகு ருசி ஒட்டிக்கொண்டே வரும்.

யுகதான் பகுதியின் கொச்சினிட்டா பிபில் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். வாழையிலையில் பொதிந்து, புளிப்பு ஆரஞ்சிலும் அச்சியோத்தேயிலும் வெந்து நூல்நூலாகப் பிரியும் கறி அது. மேலே ஊதா நிற ஊறவைத்த வெங்காயம், ஹபனேரோ மிளகாய்ச் சால்சா, அவ்வளவே. எல்லா டாக்கோவுக்கும் பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் என்ற பழக்கத்தை இங்கே இழுத்து வராதீர்கள்.

எனசெனாடாவின் மீன் டாக்கோ, மாவில் தோய்த்துப் பொரித்த வெள்ளை மீன். மீனில் கொழுப்பு குறைவு, மேல்மாவு மொறுமொறுப்பு. இங்கேதான் வெள்ளை சாஸுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது: கிரீமும் மயோனீஸும் கலந்து, எலுமிச்சை பிழிந்து, ஊற்றும் பதத்தில். கூடவே மெலிதாகச் சீவிய முட்டைக்கோஸும் வேகவைக்காத தக்காளி, வெங்காயக் கலவையான பிக்கோ தெ காயோவும். லெட்டூஸ் போட்டால் சுடச்சுட மீன் பட்டதும் துவண்டுவிடும், முட்டைக்கோஸ் கடைசிக் கடிவரை தாங்கும். நம் பக்கம் வஞ்சிரம், கொடுவா இரண்டும் இதற்கு ஒத்துவரும்.

ஹாலிஸ்கோவின் பிர்ரியா ஆட்டுக்கறி. டிஹுவானாவில் மாட்டுக்கறியில் பிரபலமானது. குழம்பில் தோய்த்த டாக்கோவாகையால் ஈரம் ஏற்கெனவே போதும். பொடி வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, ஒரு சொட்டுக் காரச் சால்சா. குவாக்கமோலே இங்கே காணாமல் போய்விடும், வீண்.

சுட்ட மாட்டிறைச்சியான கார்னே அசாடா உப்பும் புகையும் கொண்ட, சற்று வறண்ட கறி. அதற்கு அவகாடோவின் கொழுப்பு வேண்டும். குவாக்கமோலே பொருந்துகிற இடம் இதுதான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மெக்சிகோ ஒன்றும் வறண்ட ஊர் இல்லை. காளான், பூசணிப்பூ, கள்ளிச்செடியின் இளமடலான நோப்பால், கிரீமில் வதக்கிய பொப்லானோ மிளகாய், உருளைக்கிழங்கு என எல்லாவற்றிலும் டாக்கோ உண்டு. காளானுக்குச் சிவப்பு சால்சாவோ, எண்ணெயில் மிதக்கும் மிளகாய்ச் சால்சாவான மச்சாவோ எடுக்கும். மசித்த உருளைக்கிழங்கை மடித்து எண்ணெயில் பொரித்த டாக்கோ தோராதோஸுக்குத்தான் லெட்டூஸ் அல்லது கோஸ், கிரீம், உதிர்த்த வெள்ளைச் சீஸ் எல்லாம் சேரும். ஆக, நம் ஆட்கள் எல்லா டாக்கோவிலும் போடுகிற சங்கதிகளுக்கு மெக்சிகோவில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. அவற்றின் இடம் பொரித்த டாக்கோ. பனீர் டாக்கோ செய்பவர்கள் அதைச் சாதுவான கறியாக நினைத்து, காரமும் புளிப்பும் உள்ள பச்சை சால்சாவைத் துணிந்து ஊற்றலாம்.

மூன்றாம் படி: வெங்காயமும் கொத்தமல்லியும்

மெக்சிகோ சிட்டியில் டாக்கோ கேட்டால் கடைக்காரர் "கொன் தோதோ?" என்பார். எல்லாம் போடட்டுமா என்று கேள்வி. அந்த 'எல்லாம்' பெரும்பாலும் இவை இரண்டுதான். சாதாரணம் என்று அலட்சியமாக நறுக்குவதால்தான் வீட்டு டாக்கோவில் ருசி கெடுகிறது.

அங்கே வெள்ளை வெங்காயம். கிடைத்தால் அதையே வாங்குங்கள். நம் பெரிய வெங்காயம் என்றால் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிதாக, எல்லாம் ஒரே அளவாக நறுக்கி, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, துணியில் ஒற்றி எடுங்கள். காட்டம் இறங்கும், மொறுமொறுப்பு நிற்கும். ஆம்லெட்டுக்கு நறுக்குகிற மாதிரி பெரிய துண்டு போட்டால் டாக்கோவில் வெங்காயம் மட்டும்தான் பேசும்.

கொத்தமல்லியில் இலையோடு இளந்தண்டையும் சேருங்கள், மணம் தண்டில்தான் கூடுதல். ஆனால் கழுவிய உடனே நறுக்காதீர்கள். ஈரத்தோடு நறுக்கினால் கசங்கிக் கருத்து, பலகையில் பச்சைத் தண்ணீர் ஓடும். உலர்ந்த பிறகு கூரான கத்தியால் ஒரே ஓட்டமாக நறுக்குங்கள். இரண்டு பங்கு வெங்காயத்துக்கு ஒரு பங்கு கொத்தமல்லி என் கணக்கு. 4 பேருக்கு, அதாவது 16 டாக்கோவுக்கு, பெரிய வெங்காயம் இரண்டு, கொத்தமல்லி ஒரு கட்டு தாராளம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் நறுக்குங்கள், உப்புப் போடாதீர்கள்; உப்புப் போட்டால் நீர் விட்டுக்கொள்ளும்.

நான்காம் படி: சால்சா, குறைந்தது இரண்டு

ஒன்று புளிப்புக்கு, ஒன்று காரத்துக்கு. மேசையில் இரண்டு கிண்ணம் இருந்தால் குழந்தைகள் முதல் காரப்பிரியர்கள்வரை எல்லோருக்கும் ஆயிற்று.

*பச்சை சால்சா.* மூலப்பொருள் தொமத்தில்லோ. காகித உறைக்குள் காய்க்கும் பச்சைக் காய், தக்காளியின் உறவு. நம் ஊர்க் காய்கறிக் கடையில் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாகத் தக்காளிக்காய் 400 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், கெட்டியாக, உள்ளே சிவக்காததாக. பச்சை மிளகாய் 3, பூண்டு ஒரு பல், கால் வெங்காயம். காயையும் மிளகாயையும் கொதிநீரில் போட்டு 8 முதல் 10 நிமிடம், பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறம் வரும்வரை. வெடிக்கவிடாதீர்கள், வெடித்தால் சாறெல்லாம் நீரில் போய்விடும். வடித்து ஆறவைத்து, பூண்டு, வெங்காயம், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, உப்புடன் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். சட்னிபோல மைய அரைக்கக் கூடாது. தொமத்தில்லோவின் புளிப்பு தக்காளிக்காயில் முழுதாக இருக்காது, கடைசியில் அரை எலுமிச்சை பிழிந்தால் பக்கத்தில் வந்துவிடும்.

*சிவப்பு சால்சா.* நாட்டுத் தக்காளி 4, தோலோடு பூண்டு 3 பல், காய்ந்த மிளகாய் 8. மெக்சிகோவில் காரத்துக்கு சிலே தெ ஆர்போல், நிறத்துக்கும் சதைக்கும் குவாஹில்லோ என இரண்டு மிளகாய் சேர்ப்பார்கள். நம் கையில் நீட்டு மிளகாயும் காஷ்மீரி மிளகாயும் பாதிப் பாதி. தக்காளியையும் பூண்டையும் எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் போட்டுத் தோல் கருகிக் கொப்புளம் வரும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அவசரப்பட வேண்டாம். தக்காளி கருகுவது நல்லதுதான். மிளகாய் கருகக் கூடாது. கல்லில் போட்டுக் கரண்டியால் அழுத்தி, பக்கத்துக்குப் பத்து விநாடி. மணம் வந்து நிறம் ஒரு சாயல் மாறியதும் எடுத்துவிடுங்கள். கறுத்த மிளகாய் ஒன்று விழுந்தாலும் முழுச் சால்சாவும் கசக்கும். மிளகாயை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து மற்றதோடு உப்புச் சேர்த்து அரையுங்கள். மெக்சிகோவில் எரிமலைக் கல்லில் கடைந்த மொல்காஹெதே என்ற உரலில் இடிப்பார்கள். வீட்டில் அம்மியோ இடிகல்லோ இருந்தால் பயன்படுத்துங்கள், வித்தியாசம் முதல் கடியிலேயே தெரியும். தாளிக்க மட்டும் கை நீள வேண்டாம். கடுகு வெடித்த நிமிடத்தில் அது தக்காளிச் சட்னி.

*சால்சா மச்சா.* வெராகுரூஸ் பக்கத்துச் சரக்கு, எண்ணெயில் மிதக்கும் மிளகாய். ஒரு கப் கடலை எண்ணெயில் பூண்டுச் சீவல்களை இளம்பொன் நிறம்வரை பொரித்து எடுங்கள். அடுத்து ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதன்பின் ஒரு மேசைக்கரண்டி எள். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் கழித்துக் கிள்ளிய காய்ந்த மிளகாய். அந்தச் சூடே அதற்குப் போதும். ஆறிய பின் எல்லாவற்றையும் கொரகொரப்பாக அரைத்து உப்பும் சில சொட்டு வினிகரும் சேருங்கள். காளான், முட்டை, மீன் எதுவானாலும் ஒரு கரண்டி போதும். இட்லிப்பொடி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இதை அறிமுகப்படுத்தவே தேவையில்லை.

ஐந்தாம் படி: ஊறவைத்தவை

யுகதான் வெங்காயத்துக்குச் சிவந்த பெரிய வெங்காயம் இரண்டை நீளவாக்கில் மெலிதாகச் சீவி, கொதிநீரை ஊற்றி அரை நிமிடத்தில் வடித்துவிடுங்கள். அங்கே புளிப்பு ஆரஞ்சுச் சாறு ஊற்றுவார்கள். நாம் ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் சம அளவு கலந்து, வெங்காயம் மூழ்கும் அளவு ஊற்றி, உப்பு, ஒரு சிட்டிகை ஒரிகானோ போட்டால் சரி. ஒரு மணி நேரத்தில் பளீரென்ற ஊதா-இளஞ்சிவப்பு ஏறும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும், இரண்டாம் நாள்தான் உச்சம்.

இன்னொன்று எஸ்கபெச்சே: ஹலப்பேனோ, கேரட், வெங்காயம், பூண்டை எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கி, வினிகரும் நீரும் பாதிப்பாதி ஊற்றி, பிரிஞ்சி இலை, மிளகு, ஒரிகானோ, உப்புடன் ஒரு கொதி. பஜ்ஜி மிளகாயை வளையமாக நறுக்கிப் போட்டால் ஹலப்பேனோவுக்கு நல்ல மாற்று. கேரட் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், குழையவிடாதீர்கள்.

ஆறாம் படி: எலுமிச்சை, முள்ளங்கி, அவகாடோ

மெக்சிகோ தெருக்கடையில் பிழிவது நம் ஊர்ச் சிறு எலுமிச்சையின் இனமேதான். ஆசியாவிலிருந்து கிளம்பி, ஸ்பானியர் கையோடு மெக்சிகோ போய்ச் சேர்ந்தது. பதிலுக்கு மிளகாய் அங்கிருந்து போர்த்துகீசியர் வழியாக இங்கே வந்தது. ஆகவே சூப்பர்மார்க்கெட்டில் விதையில்லாப் பெரிய லைமைத் தேடி அலைய வேண்டியதில்லை. நடுத்தண்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் கன்னங்களாக வெட்டினால் கொட்டை அதிகம் வராது, சாறும் கண்ணில் தெறிக்காது. ஆளுக்கு ஒன்றரை எலுமிச்சை கணக்குப் போடுங்கள். பிழிவது எப்போதும் கடைசி வேலை, வாய்க்குக் கொண்டுபோகும் முன்புதான். சமையலறையிலேயே பிழிந்து அனுப்பினால் டொர்ட்டியா ஊறிக் கிழியும்.

முள்ளங்கியை டாக்கோவுக்குள் வைப்பது குறைவு, தட்டின் ஓரத்தில் வைத்து இடையிடையே கடிப்பதுதான் வழக்கம். அங்கே சிவந்த உருண்டை முள்ளங்கி. நம் வெள்ளை முள்ளங்கியில் இளசாகப் பார்த்து வட்டமாகச் சீவி, பத்து நிமிடம் ஐஸ் நீரில் போட்டால் நெடி குறையும். வெள்ளரியும் அப்படியே.

அவகாடோவில் ஒரு எச்சரிக்கை. கொடைக்கானல் மலைச்சரிவிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் பெரிதாக, நீர்ப்பதமாக இருக்கும். மெக்சிகோவின் ஹாஸ் ரகத்தின் கொழுப்பு அதில் இல்லை. மசித்துக் குவாக்கமோலே செய்தால் சற்று நேரத்தில் நீர் பிரியும். அதைவிட, பச்சை சால்சாவோடு சேர்த்து அரைத்து ஊற்றும் பதத்தில் அவகாடோ சால்சாவாக்குங்கள். அங்கே டாக்கோ கடைகளில் பிழியும் பாட்டிலில் இருப்பதும் இந்த வகைதான். ஹாஸ் கிடைத்தால் மட்டும் கட்டியாக மசித்து உப்பு, எலுமிச்சை, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பரிமாறலாம்.

சீஸ் வேண்டுமென்றே தீருவேன் என்பவர்கள் பனீரை உதிர்த்து உப்பும் சில சொட்டு எலுமிச்சையும் கலந்தால் கேசோ ஃபிரெஸ்கோ என்ற மெக்சிகோ வெள்ளைச் சீஸுக்குக் கிட்டத்தில் வரும். கிரீமுக்குக் கெட்டித் தயிரை வடிகட்டிப் பாலாடையோடு அடித்துக்கொள்ளுங்கள். மொசரெல்லா டாக்கோவுக்குள் உருகி உருண்டுவிடும். அது தோசைக்கல்லில் டொர்ட்டியாவோடு ஒட்டி மொறுக்கும், சீஸ் போட்ட பிர்ரியாவான கேசோபிர்ரியா மாதிரி டாக்கோவுக்கு மட்டும்.

ஏழாம் படி: எதை எப்போது

ஊறவைத்த வெங்காயம், எஸ்கபெச்சே, மச்சா மூன்றும் முந்தின நாள். சால்சாக்கள் அன்று காலை. பச்சை சால்சா ஃப்ரிட்ஜில் சற்றுக் கெட்டிப்படும், ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கி, அறைச்சூட்டுக்கு வந்தபின் உப்பு பாருங்கள். குளிர்ந்த சால்சா சூடான கறியைச் செத்ததாக்கிவிடும். முட்டைக்கோஸ், முள்ளங்கி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. வெங்காயம், கொத்தமல்லி அதன்பின். அவகாடோ கடைசியில்.

டாக்கோவை முழுதாகக் கட்டி அடுக்கிப் பரிமாறாதீர்கள். டொர்ட்டியாவைச் சுட்டுத் துணியில் சுற்றிவைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கறியும் வெங்காயம்-கொத்தமல்லியும் மட்டும் நீங்கள் வைத்துக் கொடுங்கள். சால்சா, எலுமிச்சை, ஊறுகாய் அவரவர் கையில். முதல் டாக்கோவைச் சால்சா இல்லாமல் ஒரு கடி கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காரமா புளிப்பா எது குறைகிறது என்று அப்போதே தெரிந்துவிடும், அடுத்ததில் அதை ஊற்றிக்கொள்வார்கள்.

நறுக்கிய வெங்காயம் மிஞ்சினால் அன்றிரவே ஆம்லெட்டில் போட்டுவிடுங்கள், மறுநாள் வாடை அடிக்கும். சால்சா மிஞ்சினால் கவலையே இல்லை. மீந்த சோள டொர்ட்டியாவை முக்கோணமாக வெட்டிப் பொரித்து, பச்சை சால்சாவைக் கொதிக்கவைத்து அதில் போட்டுப் புரட்டி, மேலே உதிர்த்த பனீரும் வெங்காயமும் தூவினால் சிலாகிலேஸ். மெக்சிகோ வீடுகளில் மறுநாள் காலைச் சாப்பாடு அதுதான், கூட ஒரு பொரித்த முட்டை.